பை மாற்றும் காலை

தண்ணீர் சூடாகிவிட்டது என்று ஞானவேலுக்குத் தெரியும். விரலை விட்டுப் பார்த்தாயிற்று. வெதுவெதுப்பாக இருந்தால் போதும் என்றுதான் சொல்லியிருந்தார்கள், இப்போது சுடுகிறது, இனி ஆற வேண்டும், அதுவும் நல்லதுதான், ஆறுகிற வரைக்கும் இங்கேயே நிற்கலாம், தண்ணீர் ஆறட்டும் என்று அடுப்படியில் நிற்கிற மனுஷனை யார் என்ன சொல்ல முடியும். ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார். எதிர்வீட்டில் யாரோ வெங்காயம் தாளித்தார்கள், அந்த வாசனையை ஆசையோடு இழுத்தார், இழுத்த மூச்சு முடிவதற்குள் அது மாறிப்போயிற்று, வெங்காயத்துக்கு அடியிலிருந்து அந்த இன்னொரு நாற்றம் எழுந்து வந்தது, புளிப்பும் ஒரு மாதிரி இனிப்புமாக, ஈரச் சாக்கை மடித்து வைத்த மாதிரி. உள் அறையிலிருந்து வருகிறதா அல்லது தன் மூக்குக்குள்ளேயே குடியேறிவிட்டதா என்பது அவருக்கு இப்போதெல்லாம் தெரிவதில்லை. நேற்று பெட்ரோல் பங்கில் நின்றபோதும் வந்தது. பங்கில் எப்படி வரும்? சட்டைக் காலரை இழுத்து மோந்து பார்த்தார். பின்னால் பைக்கில் நின்றிருந்தவன் ஒரு மாதிரியாகப் பார்த்தான். காபியில் வருகிறது, தலையணை உறையில் வருகிறது, சோப்புப் போட்டுக் கழுவின கையில், சோப்பு வாசனைக்கு உள்ளே, வருகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் சாம்பார் ஊற்றிக்கொள்வதை நிறுத்திவிட்டார். எதற்கு என்று மகள் கேட்டாள். புளி ஒத்துக்கலைம்மா என்றார். புளி. சாம்பாரின் நிறம் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

மகள் சுகந்தி நேற்று ஓசூருக்குப் போய்விட்டாள். கம்பெனியில் இனி லீவு தர மாட்டார்கள். அதனால் இன்றைக்கு அவர்தான். இந்த வார்த்தை விடிந்ததிலிருந்து தொண்டையில் மீன் முள் மாதிரி நின்றுகொண்டிருக்கிறது, இன்றைக்கு அவர்தான். உள் அறையில் தமயந்தி படுத்திருக்கிறாள், அவருடைய மனைவி, மலக்குடலில் கட்டி என்று சொல்லி அறுத்து எடுத்துவிட்டார்கள், பின்வழியை ஒரேயடியாக மூடித் தைத்துவிட்டு, மிச்சக் குடலின் நுனியை இடது பக்க வயிற்றில் ஓட்டை போட்டு வெளியே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். இனி அவளுக்கு அதுதான் வழி. அதன்மேல் ஒரு பை ஒட்டியிருக்கிறது. அந்தப் பையைச் சில நாளைக்கு ஒருமுறை பிரித்தெடுத்து, சுத்தம் செய்து, புதுசு ஒட்ட வேண்டும். காலையில், ஒன்றும் சாப்பிடுவதற்கு முன்னால், குடல் தூங்குகிற நேரம் பார்த்து. குடல் தூங்குகிற நேரம் என்று ஆஸ்பத்திரியில் அந்த நர்ஸ், பிலோமினா சிஸ்டர், குழந்தையைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள். அவருக்கு அப்போதே குமட்டியது. தூங்குமாம். அப்படியென்றால் விழிக்கும்.

"என்னங்க." அறையிலிருந்து தமயந்தியின் குரல். "தண்ணி வெக்கப் போனீங்களா, கிணறு வெட்டப் போனீங்களா?"

"ஆறட்டும்னு பாக்கறேன். ரொம்பச் சுட்டுடுச்சு."

அவளுக்குத் தெரியும். முப்பது வருஷமாக அவரைத் தெரியும். சுகந்தி கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு தடவைகூட அவர் துணி மாற்றியதில்லை, குழந்தை அசிங்கம் பண்ணினால் ஏய் ஏய் என்று கத்திக்கொண்டு அதைக் கை நீட்டித் தூரமாகப் பிடித்துக்கொள்வார், தமயந்தி ஓடிவந்து வாங்குவாள், சிரிப்பாள், ஆம்பளைங்களுக்கு இதெல்லாம் வராது என்று அக்கம்பக்கத்தில் பெருமையாகவே சொல்வாள். வராது. அது என்ன அருமையான வார்த்தை, எதற்குள் வேண்டுமானாலும் போய் ஒளிந்துகொள்ளலாம். ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்தபோதும் அவர் அதற்குள்தான் நின்றிருந்தார். ஒரு பஞ்சு வயிறு வைத்திருந்தார்கள், மெத்தைத் துண்டு மாதிரி, நடுவில் சிவப்பாக ஒரு ரப்பர் குமிழ். பிலோமினா சிஸ்டர் அதன்மேல் பையை ஒட்டிக் காட்டினாள், பிரித்துக் காட்டினாள், "சார், இப்ப நீங்க பண்ணுங்க" என்றாள். "தெரியுதும்மா, தெரியுது, பொண்ணு பண்ணுவா" என்று சொல்லிவிட்டுப் பின்னால் நகர்ந்து சுவரோடு சாய்ந்துகொண்டார். வெறும் பஞ்சு, வெறும் ரப்பர், அதைக்கூடத் தொடவில்லை. அங்கே ஒரு இளம் டாக்டர் வந்து எல்லாருக்கும் பொதுவாக ஒரு பிரசங்கம் வேறு செய்தான். கத்துக்கிறதுக்குக் கை முக்கியம் இல்லை, மனசுதான் முக்கியம், சரியான மனப்பான்மையோட, சிரிச்ச முகமா, அன்போட செஞ்சா ஒரே வாரத்துல வந்துடும். பளபளவென்று இருந்தான். அவனுடைய ஷூவைப் பார்த்துக்கொண்டே நின்றார் ஞானவேல். சிரித்த முகமாம். நீ வந்து சிரிடா. உன் சிரிப்பை எடுத்து அந்தப் பைக்குள் போட.

ஆனால் எரிச்சல் அவன்மேல் இல்லை, அது அவருக்குத் தெரியும், அதே பேச்சை அவரே எத்தனை பேரிடம் பேசியிருக்கிறார். அஸ்தம்பட்டியில் அவருடைய டிரைவிங் ஸ்கூல், ஒரு காலத்தில் மூன்று கார் ஓடியது, அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்காத ஜாதி இல்லை, வயசு இல்லை. கத்துக்கிற புத்தியோட வந்தா எருமைக்குக்கூட ஓட்ட வரும் என்பார். உட்கார்ந்த உடனேயே ஆளை எடை போட்டுவிடுவார். எல்லாம் தெரியும் என்று தலையாட்டுகிறவன் ஒரு வகை, அவன் எதையும் காதில் வாங்க மாட்டான். வண்டியைக் குறை சொல்கிறவன் ஒரு வகை, கிளட்ச் டைட்டா இருக்கு சார் என்பான். இன்னொரு வகை, அதுதான் கேவலம், எப்போது முடியும் என்று வாட்சைப் பார்த்துக்கொண்டே இருக்கிறவன், கற்றுக்கொள்ளவே வராமல் கற்றுக்கொண்ட பேர் மட்டும் வாங்க வருகிறவன். தூ. அந்த மாதிரி ஆட்களை அவருக்குக் கண்ணில் கண்டால் ஆகாது, வெற்றிலை எச்சிலை மிதித்த மாதிரி முகம் போகும். அந்த முகத்தைப் பார்த்துத்தான் ஒரு டீச்சரம்மா அழுதாள். நடுவயசுக்காரி, கன்னியம்மாளோ கனகம்மாளோ, மேம்பாலத்து ஏற்றத்தில் ஒவ்வொரு நாளும் வண்டியை அணைத்துவிடுவாள், பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடிப்பான், அவர் உச் கொட்டுவார். ஒரு நாள் "உங்களுக்கு வராதும்மா, விட்டுடுங்க" என்றார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே, ரோட்டைப் பார்த்தபடியே அவள் சொன்னாள்: "வண்டிக்குப் பயந்து எனக்குக் கை நடுங்கல சார். நீங்க பக்கத்துல மூச்சு விடறீங்க பாருங்க, அதுக்கு நடுங்குது." மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. திமிர் பிடித்தவள் என்று இரண்டு நாள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது எதற்கு அவள்? ஏழெட்டு வருஷம் கழித்து, அடுப்படியில், தண்ணீர் ஆறிக்கொண்டிருக்கும்போது. தண்ணீர் ஆறிவிட்டது. ஆறி நேரமாயிற்று.

முகக்கவசம் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு போட்டுக்கொண்டார். அதற்கு முன்னால் மூக்குக்குக் கீழே தைலத்தை நன்றாக அப்பிக்கொண்டார், கண்ணில் நீர் வந்தது. கையுறை. அதன்மேல் இன்னொரு கையுறை. அறை வாசலில் நின்று மின்விசிறியைக் கூட்டினார். தமயந்தி நைட்டியை மார்பு வரைக்கும் ஏற்றிவிட்டுக்கொண்டு, கீழே ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு மல்லாந்து கிடந்தாள், முகம் சுவர்ப் பக்கம். அவரைப் பார்க்கவில்லை. ஒரு தடவை ஓரக்கண்ணால் பார்த்தாள் என்று நினைக்கிறார், அந்த இரண்டு முகக்கவசத்தையும் இரண்டு கையுறையையும் பார்த்திருப்பாள். அவருடைய அக்கா பார்க்க வந்தபோது இந்த வாசலுக்கு அப்பால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, முந்தானையை மூக்கோடு வைத்துக்கொண்டே நலம் விசாரித்துவிட்டு, கொடுத்த காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனாள். அன்றைக்கு அவருக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. ரத்த பாசம் இல்லாத ஜென்மம் என்று திட்டினார். இன்றைக்கு அவர் போட்டிருக்கிற வேஷத்துக்கு அந்த முந்தானை எவ்வளவோ தேவலாம். சரி, சீக்கிரம், யோசிக்காதே, பிளாஸ்டிக் விரிப்பை விரி, பையின் மேல் ஓரத்தைப் பிடி, மூச்சை அடக்கு. மேலிருந்து கீழே மெதுவாக, ஒரு கையால் தோலை அழுத்திக்கொண்டு, என்று பிலோமினா சிஸ்டர் சொன்னது நினைவுக்கு வரத்தான் செய்தது, ஆனால் மெதுவாக என்றால் நேரமாகும், நேரமானால் மூச்சு விட வேண்டும், பிளாஸ்திரியை இழுக்கிற மாதிரி ஒரே இழுப்பாக இழுத்தார். "ஸ்ஸ்..." என்று தமயந்தியின் உடம்பு துள்ளியது. பை கையோடு வந்துவிட்டது. கனமாக இருந்தது, வெதுவெதுவென்று, கோழிக்குஞ்சைக் கையில் பிடித்த மாதிரி, அந்த வெதுவெதுப்பு இரண்டு கையுறையையும் தாண்டி வந்தது, அதை அவர் எதிர்பார்க்கவில்லை, நாற்றத்துக்குத்தான் தயாராக இருந்தார், சூட்டுக்கு இல்லை. மூச்சு போதவில்லை. விட்டார். வாங்கினார். தைலத்தையும் துணியையும் கிழித்துக்கொண்டு அது நேராக உள்ளே வந்தது. பையை விரிப்பில் போட்டுவிட்டுப் பஞ்சை எடுத்து, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டே, கை போன இடத்தில் துடைத்தார், எதையோ துடைக்கிறார், எதை என்று பார்க்கவில்லை, ஏதோ வழுவழுவென்று, உயிரோடு, விரலுக்கு அடியில் மெல்லச் சுருங்கியது. சுருங்கி, பிறகு ஒரு சின்னச் சத்தத்தோடு, அவர் கைமேலேயே, மணிக்கட்டு வரைக்கும், வந்தது.

குளியலறைக்கு எப்படி ஓடினார் என்று தெரியாது. வயிற்றில் ஒன்றும் இல்லை, பச்சைத் தண்ணீராக வந்தது, கசப்பு, முகக்கவசத்தைக் கழற்றுவதற்குள் பாதி அதிலேயே. கையுறையை உரித்து எறிந்தார், குழாயை முழுசாகத் திறந்துவிட்டார், சோப்பு, இன்னும் சோப்பு, முழங்கை வரைக்கும் தேய்த்துத் தேய்த்து முடியெல்லாம் நுரை. கண்ணாடியில் ஒரு கிழவன் வாயோரம் எச்சில் ஒழுக நின்றான். சீ. இந்த வாய்க்குத்தான் கல்யாணத்தன்று அவள் வாழைப்பழம் ஊட்டினாள். இந்த மூக்கு அவள் கழுத்தில் எத்தனை ராத்திரி கிடந்தது, வேர்வை நாற்றம்கூட வாசனையாக இருந்ததே, அந்த உடம்புதானே, அதே தோலுக்கு உள்ளே எப்போதும் இதுதானே இருந்தது, அவளுக்கும் எனக்கும் அந்தப் பளபள டாக்டருக்கும், எல்லாரும் இதைச் சுமந்துகொண்டுதான் இஸ்திரி போட்ட சட்டையோடு பஸ்ஸில் போகிறோம். தெரிந்து என்ன பயன், வயிற்றுக்கு அது தெரியவில்லை, வயிறு மறுபடியும் புரண்டது. ஆள் வைத்துவிடலாம். யாரையாவது. காலையில் வந்து செய்துவிட்டுப் போகட்டும். சுகந்தியைத் திரும்ப வரச் சொல்லலாம், அவளுக்கு அருவருப்பே இல்லை, பாட்டு முணுமுணுத்துக்கொண்டே செய்வாள். நமக்கு வராது. அந்த வார்த்தை நாக்கு நுனியில் வந்து நின்றது, வராது, எவ்வளவு சுகமாக இருக்கிறது, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நலம் விசாரிக்கிற சுகம். குழாயை மூடினார். மூடின பிறகுதான் அந்தப் பக்கத்துச் சத்தம் கேட்டது. கட்டில் கிரீச்சிடுகிற சத்தம், பிளாஸ்டிக் விரிப்பு சரசரக்கிற சத்தம். எழுந்திருக்கிறாள். தையல் இன்னும் முழுசாக ஆறவில்லை, பக்கவாட்டில் புரண்டு, கையை ஊன்றித்தான் எழ வேண்டும், துணை இல்லாமல் எழவே கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்.

அவர் வந்து நின்றபோது அவள் பாதி எழுந்து, ஒரு முழங்கையில் சாய்ந்து, துண்டை வைத்துப் படுக்கை விரிப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தன் வயிற்றைத் துடைக்கவில்லை, விரிப்பைத் துடைத்தாள். விரிப்பில் ஒரு கறை பரவியிருந்தது. முகம் வெளுத்து, மேலுதட்டில் வேர்வை.

"படு. ஏய், படும்மா. யார் உன்ன எந்திரிக்கச் சொன்னது?"

"மெத்தைக்கு இறங்கிடும்."

"இறங்கட்டும், படு."

படுத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். அவர் வெறுங்கையோடு நின்றார், முகத்தில் ஒன்றும் இல்லை, மூக்குக்குக் கீழே தைலம்கூடக் கழுவிப் போயிருந்தது. பரவாயில்லை, ஒண்ணும் இல்லை, என்று சொல்ல வாயைத் திறந்தார், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக அந்தப் பரவாயில்லையை ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறார், அதுவும் ஒரு முகக்கவசம்தான். வாயில் இன்னும் கசப்பு இருந்தது.

"எனக்கு அருவருப்பா இருக்கு, தமயந்தி," என்றார். "முடியல. வாந்தி எடுத்துட்டேன்."

சொன்ன பிறகு பயந்து போனார். இனி இதை எடுத்து வாயில் போட்டுக்கொள்ள முடியாது. அவள் நெற்றி சுருங்கியது. அழப்போகிறாள் என்று நினைத்தார்.

"கேட்டுச்சு," என்றாள். கண்ணைத் திறக்கவில்லை. "எனக்கும்தான்."

"என்ன உனக்கும்?"

"எனக்கும் அருவருப்பாதான் இருக்கு. உங்களுக்காவது ஓடிப்போய்க் கழுவிக்க இடம் இருக்கு. நான் எங்க ஓடறது? என் மேலயே ஒட்டி வெச்சிருக்காங்க." மூச்சு வாங்கினாள். "சுகந்தி பாட்டுப் பாடிக்கிட்டே செய்வா. நாறவே இல்லம்மா, ஒண்ணுமே இல்லம்மான்னு சொல்லுவா. எனக்கு மூக்கு இல்லையா? பெத்த புள்ள, கன்னத்துல அறையலாம்போல வரும். அவகிட்ட நான் எதச் சொல்ல முடியும், நாறுதுடின்னு சொன்னா அவ அழுதுடுவா. அவளுக்காக நானும் சிரிச்சிக்கிட்டுக் கிடந்தேன்."

அன்போடு, சிரித்த முகமாக. இவளும் சிரித்திருக்கிறாள். இந்த அறையில் இத்தனை நாளும் எல்லாரும் சிரித்துக்கொண்டு, அதற்கு நடுவில் அது மட்டும் பொய் சொல்லாமல் நாறிக்கொண்டு இருந்திருக்கிறது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"நாறுதுதான்," என்றார்.

"நல்லா நாறுது," என்றாள் அவள்.

பிறகு அவள் வேறு குரலில், கடையில் ஏதோ விசாரிக்கிற மாதிரி, கேட்டாள்: "எப்படி இருக்கு அது?"

"எது?"

"அதுதான். நான் இன்னும் பாக்கல. சிஸ்டர் கண்ணாடி காட்டினாங்க, கண்ண மூடிக்கிட்டேன். சுகந்திகிட்டக் கேட்டா அழகா இருக்கும்மான்னா. அழகாம். நீங்க சொல்லுங்க."

அவரும் பார்த்ததில்லை. துடைத்திருக்கிறார், பார்க்கவில்லை. இது எவ்வளவு விசித்திரம் என்று அவருக்குப் பட்டது, இந்த வீட்டில் இவ்வளவு நாளாக எல்லாருடைய தூக்கத்தையும் தின்றுகொண்டிருக்கிற ஒன்று, சம்பந்தப்பட்ட இரண்டு பேருமே அதன் முகத்தைப் பார்க்கவில்லை. இப்போது பார்த்தாக வேண்டும், அவள் கேட்கிறாள், பார்க்காமல் சொல்ல முடியாது. குனிந்தார். நாற்றம் மூக்கில் ஏறியது, பல்லைக் கடித்துக்கொண்டார், பார்த்தார். பஞ்சு வயிற்றில் இருந்த ரப்பர் குமிழ் மாதிரி உருண்டையாக இல்லை.

"செவப்பா இருக்கு," என்றார். "ஈரமா. கன்னத்துக்கு உள்பக்கம் இருக்கும் பாரு, அந்த மாதிரி."

"பெருசா?"

"இல்ல. ஒரு தக்காளிப் பிஞ்சு அளவு. ஒரு பக்கம் கொஞ்சம் சப்பையா இருக்கு. நடுவுல வழி." கொஞ்சம் நிறுத்தினார். "அசையுது."

"அசையுதா?"

"மெதுவா. சுருங்குது, விடுது. பாக்கச் சகிக்கல. ஆனா புண்ணு மாதிரி இல்ல. சுத்திலும் தோலுதான் செவந்து கிடக்கு, அது நான் இழுத்தது. வலிக்குதா?"

"எரியுது."

கையுறை எடுக்கப் போனார், ஒரு ஜோடி மட்டும் போட்டுக்கொண்டார். தண்ணீர் முழுக்க ஆறிப்போயிருந்தது, மறுபடி வைத்து வந்தார், இந்தத் தடவை நிற்கவில்லை. முதலில் விரிப்பு, பிறகு அவள் இடுப்பு, பிறகு பஞ்சை நனைத்துச் சுற்றிலும் தோலை. முகத்தைத் திருப்பாமல் செய்தால் வேலை சீக்கிரம் முடிகிறது என்பது அவருக்கு எரிச்சலாக இருந்தது. நடுவில் இரண்டு தடவை குமட்டிக்கொண்டு வந்தது, எழுந்துபோய் ஜன்னலில் நின்றுவிட்டு வந்தார். பஞ்சில் ஒரு பொட்டு ரத்தம் ஒட்டியதும் கை நின்றுவிட்டது. துடைத்தால் லேசாக ரத்தம் வரும், பயப்படக் கூடாது என்று பிலோமினா சிஸ்டர் சொன்னாளா இல்லையா? சுவரோடு சாய்ந்து நின்று ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன நினைவிருக்கும். சொன்ன மாதிரிதான் இருந்தது. அவளிடமே கேட்டார். "சொன்னாங்க, லேசா வரும்," என்றாள் தமயந்தி. பையின் பின்பக்கத்தில் ஓட்டையை அளவாக வெட்ட வேண்டும், வெட்டினார், பெரிதாகப் போய்விட்டது, தோல் வெளியே தெரிந்தது, தோலில் பட்டால் புண்ணாகிவிடும். அதைத் தூக்கி எறியும்போது வாயில் வசவு வந்தது. "திட்டிக்கோங்க," என்றாள் அவள், "இன்னொண்ணு எடுங்க." இன்னொன்றை எடுத்து, வைத்துப் பார்த்து, ஓரம் ஓரமாக நறுக்கி, மறுபடி வைத்துப் பார்த்து, உதட்டைக் கடித்துக்கொண்டு நறுக்கினார். கை நடுங்கியது. அவள் இப்போது சுவரைப் பார்க்கவில்லை, கூரையையும் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அதில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே. மறைக்க அவரிடம் ஒன்றும் இல்லை.

ஒட்டினார். ஒட்டின பிறகு உள்ளங்கையை அதன்மேல் வைத்துச் சும்மா அழுத்திப் பிடித்திருக்க வேண்டும், கைச்சூட்டில்தான் பசை இளகித் தோலைப் பிடிக்கும், அவசரப்பட்டால் ராத்திரி கசியும். அது அவளுக்கு நினைவிருந்தது, அவள்தான் சொன்னாள். கையுறையோடு வைத்தார், சூடு இறங்குகிற மாதிரித் தெரியவில்லை, கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்கையை வைத்தார். வெளியே குப்பை வண்டி மணி அடித்துக்கொண்டு போயிற்று. உள்ளங்கைக்கு அடியில், மெல்லிய பிளாஸ்டிக்குக்கு அந்தப் பக்கம், ஏதோ புரண்டது, நெளிந்தது, பிறகு வெதுவெதுவென்று மெல்லப் பரவத் தொடங்கியது.

"வருதா?" என்றாள் தமயந்தி.

"வருது."

"குமட்டுதா?"

"குமட்டுது."

"கைய எடுத்துராதீங்க."

"எடுக்கல," என்றார்.